உலைக்கு வைத்த சந்தனம்

எனக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் உட்கார்ந்தால் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடுவேன். கூட்டத்தில் உட்கார்ந்தால் பேனா மூடியைக் கழற்றி மாட்டுவேன். யாராவது நீளமாகப் பேசினால் மேசையில் விரலால் தட்ட ஆரம்பித்துவிடுவேன். தட்டுகிறேன் என்பதே அவர்கள் முகம் சுளித்த பிறகுதான் தெரியும். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் முதல் நாளே இதைக் கவனித்துவிட்டார். கண்ணாடியும் அமிலமும் இருக்கிற இடத்தில் கையை மடியில் வைத்துக்கொள் என்றார். வைத்துக்கொண்டேன். கால் ஆட ஆரம்பித்தது.

அந்தக் கோடையில் மனசும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டைக்குத் தினமும் காலையில் பேருந்து. மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. பக்கத்தில் உட்காருகிறவர்கள் உள்ளே இட்லி இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் கண்ணாடித் தகடுகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் நான் அலைந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அந்தத் தகடுகளில் ஒரே ஒரு முறை வந்த பச்சை ஒளி மறுபடி வரவில்லை. வராவிட்டால் நான் பொய்க்காரி. அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, கேட்டார்கள். அது இன்னும் மோசம்.

என் வேலை துத்தநாக ஆக்சைடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேர்க்குருவுக்குத் தடவுகிற ரோஸ் நிற லோஷனில் இருப்பதும் அதுதான். நான் அதை நுண்ணோக்கிக்கு வைக்கிற கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியவைப்பேன். துத்தநாக உப்பைக் கரைத்த கரைசலில் தகட்டை முக்கி, மெதுவாக மேலே தூக்கி, உலர்த்தி, மறுபடி முக்கி, கடைசியில் உலையில் ஒரு மணி நேரம் சுட்டெடுக்க வேண்டும். சுட்ட பிறகு பார்த்தால் தகட்டில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். சாய்த்துப் பிடித்தால் மட்டும் மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற நிறம் தெரியும். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது அந்தப் படலம்.

அதன் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் படலம் அதை விழுங்கிவிட்டு இரண்டு விதமாகத் திருப்பிக் கொடுக்கும். ஒன்று, ஊதா நிறத்தின் ஓரத்தில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒல்லியான ஒளி. படிகம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இன்னொன்று பச்சை. அகலமான, சோம்பலான பச்சை. இது ஒழுங்கிலிருந்து வருவதில்லை. படிகத்தில் குறை இருக்கிற இடங்களிலிருந்து வருகிறது. ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தால் அங்கிருந்து பச்சை வருகிறது என்று பலரும் சொல்கிறார்கள். இல்லை, குறை வேறு என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. எந்தக் குறை என்று உலகம் அடித்துக்கொள்ளட்டும், எனக்குப் பச்சை வந்தால் போதும் என்று இருந்தேன்.

வந்தது. ஆயுத பூஜைக்கு மறு வாரம்.

எங்கள் துறையில் ஆயுத பூஜை பெரிய காரியம். மேடம் திருமயம் பக்கத்தில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். எதையும் எண்ணி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பூஜைக்கு முந்தின நாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரத் துணியோடு அவரே இறங்கிவிடுவார். உதவியாளரைத் தொடவிட மாட்டார். அவர் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பூஜைக்கு வைக்கிற பொருளை அப்படியே வைக்க மாட்டார்கள். கழற்ற முடிந்ததைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகப் பொட்டு வைப்பார்கள். தையல் மிஷின் என்றால் சக்கரத்துக்கு ஒன்று, மிதிக்கு ஒன்று, ஊசிக்கும் ஒன்று. அதே வழக்கத்தை ஆய்வகத்துக்கும் கொண்டுவந்திருந்தார். எடை பார்க்கும் தராசுக்கு நாலு பொட்டு. கம்ப்யூட்டர் மவுஸுக்குக்கூட ஒன்று. மறுநாள் மவுஸ் நகராமல் ஒட்டிக்கொண்டது என்று நாங்கள் சிரித்தோம்.

உலைக்கும் அப்படித்தான். உலை என்றால் கொல்லன் உலை இல்லை. பழைய டிவி அளவில் ஒரு பெட்டி, முன்னால் கதவு, உள்ளே செங்கல் அறை. பின்பக்கம் ஓர் ஓட்டை வழியாகப் பீங்கான் உறை போட்ட ஒரு கம்பி உள்ளே போகும். அதன் நுனிதான் உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து முன்பக்கம் எண்ணாகக் காட்டும். நாம் கேட்ட எண் வரும்வரை உலை தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும். அன்று மேடம் உலையைச் சுவரிலிருந்து இழுத்து, கம்பியை உருவி, துடைத்து, மறுபடி செருகி, சந்தனமும் குங்குமமும் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

மறு வாரம் நான் சுட்டெடுத்த தகடுகளைத் துண்டுகளாக வெட்டித் திருச்சிக்குக் கொண்டுபோனேன். ஒளிர்வை அளக்கிற கருவி எங்கள் ஊரில் இல்லை. அங்கே முறை வாங்கிக் காத்திருக்க வேண்டும். திரையில் கோடு மெதுவாக இடமிருந்து வலமாக ஊர்ந்தது. ஊதா ஓரத்தில் ஒரு சின்ன மேடு. பிறகு பச்சைப் பகுதி வந்ததும் கோடு ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது. கருவியை இயக்கியவர் திரும்பி என்னைப் பார்த்து, என்ன சூட்டில் சுட்டீர்கள் என்று கேட்டார். நானூற்று ஐம்பது என்றேன். சாதாரணக் கண்ணாடியிலா என்றார். ஆமாம் என்றேன். வழக்கமாக அந்த அளவு பச்சைக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைச் சாதாரணக் கண்ணாடி தாங்காது. மலிவான கண்ணாடியில், குறைந்த சூட்டில், இவ்வளவு பச்சை என்பதுதான் சேதி.

மேடத்துக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் சாப்பிட்டியா என்று கேட்டார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். கட்டுரை எழுதினோம், ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். மறுமொழி வந்தபோது தை மாதம். மதிப்பிட்டவர் மரியாதையாக எழுதியிருந்தார். முடிவு சுவாரசியமாக இருக்கிறது, இதே முறையில் இன்னொரு தொகுதி படலங்களைச் செய்து அதே ஒளிர்வு வருகிறதா என்று காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். அதிலென்ன இருக்கிறது, இந்த வாரமே செய்துவிடுகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் கிள்ளத் தோன்றுகிறது.

பச்சை வரவில்லை. கருவியில் அதே இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. சரி, கரைசலில் கோளாறு என்று புதிதாகக் கலக்கினேன். வரவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரை மாற்றினேன். உப்பின் பாட்டிலை மாற்றினேன். கண்ணாடியைக் கழுவுகிற விதத்தை மாற்றினேன். ஐப்பசியில் காற்றில் ஈரம் இருந்தது, இப்போது இல்லை, அதுதான் காரணமோ என்று உலைக்குப் பக்கத்தில் ஈரச் சாக்குகூடத் தொங்கவிட்டேன். ஆயுத பூஜை வாரத்தில் போட்டிருந்த அதே சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் வேலை செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் படித்தவள்தான்.

அப்போது நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். தினமும் சாயங்காலம் வீடியோவில் வந்து, "இன்னும் பச்சை வரலையா?" என்பார். பேருந்து வரவில்லையா என்று கேட்கிற தொனியில் கேட்பார். ஒரு நாள், வராவிட்டால் விட்டுத்தள்ளு, விசா ரெடியாகத்தான் இருக்கிறது, கிளம்பி வந்துவிடு என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு வீட்டை மூன்று முறை சுற்றினேன். விட்டுத்தள்ளலாம். விட்டுத்தள்ளினால் அந்தப் பழைய கோடு என்னவாகும்? ஒருத்தி எங்கேயோ ஒரு கோட்டை வரைந்துவிட்டு ஓடிப்போனாள் என்றாகும்.

அந்த எண்ணம் எனக்கு மட்டும் வரவில்லை என்பது பங்குனியில் தெரிந்தது. மதியம், ஆசிரியர் அறையில் மேடமும் நானும் மட்டும் இருந்தோம். அவர் டிபனைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, ஒன்னைய ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. அந்த கிராஃபுல நீ ஏதும் கை வச்சியா?"

இல்லை மேடம் என்றேன். அவர் சரி என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று சாயங்காலம் ஆய்வகச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கணக்கெடுக்க வேண்டியிருக்கிறதாம். சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. மறுநாளிலிருந்து நான் வரும்போது அவர் வந்து திறந்துவிட வேண்டும். போகும்போது அவர் வந்து பூட்ட வேண்டும். அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பேருந்தில் வரும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆலங்குடி வரைக்கும் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆலங்குடி தாண்டியதும், அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் கோபம் இன்னும் கூடியது.

திருச்சிக்கு முறை வாங்குவதற்குள் வாரங்கள் ஓடின. ஒவ்வொரு தகட்டுக்கும் அவ்வளவு நாள் காத்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றிருந்தபோதுதான் அண்ணன் கடை விளக்கு ஞாபகம் வந்தது. என் அண்ணன் கீரமங்கலத்தில் பூக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவர் கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று உண்டு. அதுவும் புற ஊதா விளக்குத்தான். கருவி அளவுக்கு நுணுக்கமாகச் சொல்லாது. ஆனால் பச்சை பலமாக இருந்தால் இருட்டில் கண்ணுக்கே தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் பழைய தொகுதியில் ஒரு முழுத் தகடு மிச்சம் இருந்தது. மற்றவற்றையெல்லாம் துண்டு போட்டாகிவிட்டது. அதை மட்டும் பஞ்சில் சுற்றி, டிபன் டப்பாவின் அடியில் வைத்திருந்தேன்.

சித்திரையில் மல்லிகை வரத்து அதிகம். விடியற்காலையிலிருந்து கடையில் கால் வைக்க இடம் இருக்காது. மதியத்துக்கு மேல்தான் ஓயும். அண்ணன் கல்லாவை மூடிவிட்டுச் சாப்பிடக் கிளம்புகிற நேரத்தில் நான் டப்பாவோடு போய் நின்றேன். ஷட்டரை இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"என்னாத்தா, காலேஜுல நோட்டு அடிக்கச் சொல்லித் தாராங்களா?" என்றார்.

அண்ணன் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே போனார்.

உள்ளே வெக்கை. வாடின பூவின் வாசம் தலையைச் சுற்றியது. விளக்கைப் போட்டு முதலில் பழைய தகட்டைக் காட்டினேன். வந்தது. மங்கலாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், தகடு முழுவதும் பச்சை. அதை அதற்கு முன் நான் கோடாகத்தான் பார்த்திருந்தேன். ஒளியாகப் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை என்று அங்கே கிடந்த காலிக் கூடைகளிடம் சொல்லத் தோன்றியது. பிறகு புதிய தகடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒன்றிலும் இல்லை. விளக்கின் ஊதாதான் கண்ணாடியில் வழிந்தது.

விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஷட்டரின் கீழ் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பழைய தகட்டைக் கல்லா மேசையின் கண்ணாடி மேல் வைத்திருந்தேன். என் விரல் வழக்கம்போல மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டின விரல் தகட்டின் ஓரத்தில் பட்டது. தகடு டிக் என்றது. மறுபடி தட்டினேன். டிக், டிக். அது ஆடியது. ஓரத்தைச் சுண்டிவிட்டால் நடுவயிற்றில் நின்று சுற்றியது.

தட்டையான கண்ணாடி சுற்றாது. புதிய தகடு ஒன்றை எடுத்து அதே இடத்தில் வைத்துச் சுண்டினேன். சறுக்கியது, சுற்றவில்லை. பழையதை மறுபடி வைத்தேன். சுற்றியது. கண்ணுக்கு நேரே உயர்த்தி ஷட்டர் வெளிச்சத்தில் பார்த்தேன். தகடு நடுவில் துளி தொய்ந்திருந்தது. சுடும்போது நான் தகட்டை ஒரு பீங்கான் கிண்ணத்தின் மேல் பாலம் மாதிரி குறுக்கே வைப்பது வழக்கம். நடுவில் தாங்கல் இருக்காது. கண்ணாடி இளகினால் நடுவில்தான் தொய்யும். நானூற்று ஐம்பதில் இந்தக் கண்ணாடி இளகாது. அப்படியானால் அன்று உலைக்குள் இருந்தது நானூற்று ஐம்பது இல்லை.

அண்ணன் திரும்பி வருவதற்குள் நான் பேருந்து நிறுத்தத்தில் இருந்தேன். ஷட்டரை ஏற்றினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அந்தப் பேருந்து மாதிரி மெதுவாகப் போன பேருந்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், இறங்கின பிறகு திரும்பி வந்து பையை எடுக்கிறவர்கள். ஓட்டுநரை எழுப்பிவிட்டு நானே ஓட்டலாமா என்றிருந்தது. உலை ஏன் அன்று மட்டும் எண்ணை மீறிக் காய்ந்தது, இப்போது ஏன் ஒழுங்காகக் காய்கிறது? இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நடுவில் நடந்தது ஒன்றுதான். மார்கழியில் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரப்போகிறது என்று எல்லா அறைக்கும் வெள்ளையடித்தார்கள். சாமான்களை நகர்த்தி நகர்த்தி அடித்தார்கள்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேடம் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள் என்றேன். ஏன் என்றார். உலையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

உலை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பூஜைக்குப் பிறகு சுவரைவிட்டு விலகியே நின்றதை வெள்ளையடித்தவர்கள் சுவர்வரை தள்ளிவிட்டிருந்தார்கள். இருவருமாக முன்னால் இழுத்தோம். பின்பக்கக் கம்பியின் தலை ஓட்டையோடு அழுந்திக் கிடந்தது. சுவர்தான் அதை உள்ளே தள்ளியிருக்கிறது. தலையில் பழைய குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் கம்பியை மெதுவாக உருவினேன். பீங்கான் உறை வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது. தலையிலிருந்து நாலு விரல் தள்ளி, உறையின் மேல் ஒரு கருகின வட்டம் வந்தது. வட்டத்தின் நடுவில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

நான் அதைப் பார்த்தேன். மேடமும் பார்த்தார். அது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். உலைக்குள் போகிற இடத்தில் யாரும் சந்தனம் வைக்க மாட்டார்கள்; வைக்கவும் முடியாது. வெளியே தெரிகிற இடத்தில்தான் வைப்பார்கள். ஆக, ஆயுத பூஜையன்று அந்த நாலு விரல் கம்பி வெளியே இருந்திருக்கிறது. நுனி உலையின் நடுவில் இல்லாமல் அதன் பின்சுவர்ச் செங்கலின் வாயிலேயே நின்றிருக்கிறது. அங்கே சூடு குறைவு. குறைவாகக் காட்டியதால் உலை இன்னும் இன்னும் என்று காய்ந்திருக்கிறது. கண்ணாடி தொய்கிற அளவுக்குக் காய்ந்து, படலத்திலிருந்து பச்சையை வரவழைத்திருக்கிறது. மார்கழியில் சுவர் கம்பியை உள்ளே தள்ளியதும் உலை யோக்கியமாகிவிட்டது. பச்சையும் போய்விட்டது.

எத்தனையோ நாள் பேருந்தில் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு என்னிடம் இருந்தது. கண்டுபிடித்த நாளில் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த பேச்சு. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அந்தக் கருகின வட்டத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். போகவில்லை. மறுபடி தேய்த்தார். ஓட்டையில் ஏதோ இடித்தது, முழுசாகப் போய்விட்டது என்று நினைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்றுவரை எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

மறுநாள் வேதியியல் துறையிலிருந்து இன்னொரு கம்பியை வாங்கி வந்து, கதவுப் பக்கமாக உலையின் நடுவில் விட்டோம். பழைய கம்பியைச் சந்தன வட்டம் வெளியே தெரிகிற மாதிரி இழுத்து வைத்தோம். முன்பக்க எண் நானூற்று ஐம்பதில் நின்றபோது நடுவில் இருந்த கம்பி அதைவிட நூறுக்கும் மேல் கூடுதலாகக் காட்டியது. அந்தச் சூட்டில் சுட்ட தகடு தொய்ந்து வந்தது. அதைக் கீரமங்கலத்துக்கு எடுத்துப் போகத் தேவையிருக்கவில்லை. மேடம் ஒரு கள்ள நோட்டு விளக்கை வாங்கி வந்திருந்தார். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிவிட்டு, தகட்டை அதன் அடியில் பிடித்தார். பச்சை. அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போட்டபோது என் பக்கத்து மேசையில் ஆய்வகச் சாவி இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். போதவில்லை. என்ன போதவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கணவரிடம் அன்று சாயங்காலம் பச்சை வந்துவிட்டது என்றேன். அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கிறது என்றார்.

நியாயமாகப் பார்த்தால் எங்களுக்கு நஷ்டம்தான். குறைந்த சூட்டில் பச்சை என்ற சேதியே போய்விட்டது. அதிகச் சூட்டில் பச்சை வரும் என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த கதை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். உண்மையான சூட்டைப் போட்டு, ஒவ்வொரு படியாகச் சுட்டு, பச்சை எப்போது ஏற ஆரம்பிக்கிறது, கண்ணாடி எப்போது தொய்ய ஆரம்பிக்கிறது என்று அளந்து, சின்னதாக வேறொரு கட்டுரை எழுதினோம். பெரிய இதழ் எதுவும் அதை வாங்காது. ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் யார் கேட்டாலும் மறுபடி செய்து காட்டுவேன்.

எழுதும்போதுதான் அது நடந்தது. நான் எழுதி மேடத்துக்கு அனுப்புவேன், அவர் திருத்தி அனுப்புவார். செய்முறைப் பகுதியில், பழைய முடிவு ஏன் தவறியது என்று ஒரு வாக்கியம் போட்டிருந்தேன்: வெப்பம் அளக்கும் கம்பி இடம் நகர்ந்திருந்தது. திரும்பி வந்தபோது அந்த வாக்கியம் மாறியிருந்தது. சுத்தம் செய்தபோது அந்தக் கம்பி இரண்டாம் ஆசிரியரால் தவறாகப் பொருத்தப்பட்டது என்று இருந்தது. கட்டுரைக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். முதல் பெயர் என்னுடையது.

நான் அதைப் பழையபடி மாற்றி அனுப்பினேன். திரும்பி வந்தது, இரண்டாம் ஆசிரியரோடு. மறுபடி மாற்றினேன். மறுபடி வந்தது. நாலாவது முறை நேரிலேயே போய்விட்டேன். அதே ஆசிரியர் அறை, அதே மதிய நேரம். டிபன் திறந்திருந்தது.

"இது தேவையில்ல மேடம்," என்றேன். "கம்பி நகந்திருந்துச்சுன்னு போட்டாப் போதும். யாரு செஞ்சதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். இந்த முறை என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீ கை வச்சியான்னு நான் ஒன்னையக் கேட்டேனேம்மா."

என் விரல் அவர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் அதைப் பார்த்தார். டிபனை என் பக்கமாக நகர்த்தி, சாப்பிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். வாக்கியத்தை அவர் எழுதியபடியே அனுப்பினேன்.